இடது பை

பொம்மனஹள்ளி, மூன்றாம் மாடி,
நான்காவது வரிசை, பதினேழாவது மிஷின்.
சித்திரை வெயிலில்
பனிக்காலத்து ஜாக்கெட் தைக்கிறோம்.
என் வேலை இடது பை.
வலது பை பசந்தியுடையது,
ஒடிசாக்காரி, போன தீபாவளிக்கு வந்தவள்.
காலர் வைப்பது யார் என்று
எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஒரு மணிக்கு அறுபத்தைந்து பை.
தைத்ததும் மூலை சரியா என்று
உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும், அது விதி.
ஆகவே
எந்த ஊரிலோ பஸ்ஸுக்கு நிற்கிற எவனோ
குளிர் தாங்காமல் கையை நுழைப்பானே,
அந்தச் சின்ன இருட்டுக்குள்
முதலில் போனது என் கை.
வியர்த்த கை.
அவனுக்கு அது தெரிய நியாயமில்லை.

மகள் கன்னட மீடியம்.
"ஜாகதீகரணன்னா என்னம்மா?
அஞ்சு மார்க்கு."
ஜாதகம் என்று என் காதில் விழுந்தது.
அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது,
எடுத்துக்கொள் என்றேன்.
சிரித்துக்கொண்டே புத்தகத்தைக் காட்டினாள்:
ஒரு பூமி உருண்டை,
சுற்றிலும் வளைந்து வளைந்து அம்புக்குறிகள்.
ஓர் அம்பிலும் ஆள் இல்லை.

யோசித்தால், காதில் விழுந்ததும் தப்பில்லை.
எட்டாத தூரத்தில் ஏதோ ஒன்று
வீடு மாறினால்
இங்கே எனக்குச் சனி.

ஆனியில் மாறியது.
எந்த தேசமோ எந்த வரியையோ ஏற்றிவிட்டதாம்.
சூப்பர்வைசர் நஞ்சுண்டப்பா மைக்கில் சொன்னார்,
தொண்டையைச் செருமிக்கொண்டு,
சாப்பாட்டு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது.
மிஷின்கள் நின்றன.
தலைக்கு மேலே விசிறி கிறீச்சிடுவது
அன்றைக்குத்தான் கேட்டது.
என் பக்கத்தில் இடது பைகள் முடிந்த கட்டு.
பசந்தியின் பக்கத்தில்
ஊசி இறங்கிய இடத்திலேயே ஒரு துணி.
எடுக்கலாமா என்று என்னைப் பார்த்தாள்.
எனக்கென்ன தெரியும்?

கணக்குத் தீர்த்த தாளில்
குணவதி என்கிற நான் குணாவதி ஆகியிருந்தேன்.
ஒரு கால் எழுத்தை வாங்க
மூன்று நடை, ஆறு டிக்கெட்.

பசந்தி ஊருக்குப் போகவில்லை.
ரயில் காசையும் அறை வாடகையையும்
ஒரே காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு
கோரமங்கலாவில் ஒரு கிடங்கில் சேர்ந்தாள்.
இரவெல்லாம்
பத்து நிமிடத்தில் பழம் கேட்கிறவர்களுக்குப்
பொட்டலம் கட்டுகிறாள்.
பெரு தேசத்திலிருந்து வருகிற நீலப் பழமாம்,
ஒரு பிடி இருநூற்றெழுபது.
நசுங்கிய ஒன்றைத் தின்று பார்த்தாளாம்.
"தண்ணீர் மாதிரி இருக்குதீ" என்றாள் போனில்,
அவளுக்குத் தெரிந்த தமிழில்.

கார்த்திகை ஞாயிறு, சிவாஜிநகர் பிளாட்பாரம்.
தார்ப்பாயில் குவித்துக் கிடந்தன.
கழுத்தில் லேபிளை வெட்டி எடுத்த இடத்தில்
நாலு நூல் நீட்டிக்கொண்டிருந்தது.
நான் தைத்ததுதானா என்று சொல்ல முடியாது.
யார் தைத்தது என்று தெரியாமல் தைக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

பழக்கத்தில் கைவிட்டேன்.
மூலை சரியாக இருந்தது.
வலது பக்கம் தடவினேன்.
பை இல்லை.
அடுத்ததை எடுத்தேன், அதிலும் இல்லை.
"ஒத்தப் பைதான்க்கா, அதான் முந்நூறு" என்றான் பையன்,
"இல்லாட்டி ஆறாயிரம் ரூபா சரக்கு இது."
நூற்றைம்பதுக்குக் கேட்டேன்.
கடைசியில் இருநூற்றுப் பத்து.
பேரம் பேசும்போது எனக்கு வெட்கமாக இல்லை,
வீட்டுக்கு வந்த பிறகுதான்.

மார்கழி விடியலில்
மகள் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
தோள் இரண்டு அளவு பெரிது.
இடது கை பைக்குள் போய்விட்டது.
வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்துவிட்டு
வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொள்கிறாள்.

ஐந்துக்கு இரண்டரை போட்டிருந்தார்கள்.
என்ன எழுதினாய் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.